கடைமடைக்கும் கீழே

“கடல் ஊருக்குள்ள வந்துடுச்சு.”

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் நீடாமங்கலம் கடைத்தெருவில் நின்ற ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண் சொன்னது இது. நாகப்பட்டினத்திலிருந்து மேற்கே போகிற எந்த பஸ் கிடைத்ததோ அதில் ஏறி வந்திருந்தார். தலைமுடியெல்லாம் மணல். இடுப்பில் மூன்று வயதுப் பையன். டீக்கடைக்காரர் நீட்டிய டம்ளரை வாங்கும்போது கை நடுங்கி, பாதி டீ தரையில் போயிற்று. கடல் எப்படி ஊருக்குள் வரும் என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குப் புயல் தெரியும், வெள்ளம் தெரியும். 1977 நவம்பர் புயலைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் பேசுவார்கள். ஆனால் காற்றும் மழையும் இல்லாத, வெயிலடிக்கும் காலையில் கடல் எழுந்து வரும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சுனாமி என்ற சொல் அன்று மாலைதான் டிவி வழியாக எங்கள் ஊருக்கு வந்தது.

நீடாமங்கலத்துக்கும் கடலுக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். எங்களுக்குக் கடல் என்றால் வேளாங்கண்ணித் திருவிழா, கோடியக்கரை அமாவாசை முழுக்கு, காலையில் சைக்கிளில் வரும் மீன். மற்றபடி நாங்கள் வயற்காட்டு மனிதர்கள். ஆனாலும் எங்கள் ஊரைத் தொட்டுப் போகும் ஆறுகள் அந்தக் கடலுக்குத்தான் போகின்றன. அந்தத் தண்ணீரோடு கூடவே போய், அது கடலைச் சேரும் இடங்களைப் பார்த்து வர வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் எண்ணம். சென்ற மார்கழியில், டிசம்பர் 24 காலை, மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன்.

முதலில் மூணாறு தலைப்பு. கல்லணையிலிருந்து வரும் பெரிய வெண்ணாறு இங்கேதான் பாமணியாறு, கோரையாறு, சின்ன வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிகிறது. பனி விலகாத நேரம். மதகுகளின் ஷட்டருக்கு அடியிலிருந்து தண்ணீர் நுரைத்துக்கொண்டு வெளியே வந்தது. பல்லில் வேப்பங்குச்சியோடு ஒரு பெரியவர் படியில் உட்கார்ந்திருந்தார். லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ராத்திரி பகல் பாராமல் கரை காத்து, ஷட்டர் ஏற்றி இறக்கியவர். எங்கே பயணம் என்று கேட்டார். சொன்னேன்.

“பாமணியும் கோரையும் முத்துப்பேட்டைப் பக்கம் போயிடும் தம்பி. சின்ன வெண்ணாத்துத் தண்ணி, பாண்டவையாறு வெள்ளையாறுன்னு பிரிஞ்சு வேளாங்கண்ணிப் பக்கம் போவும். இங்க ஷட்டர ஒரு அடி தூக்குனா ரெண்டு மூணு நாள்ல அங்க தெரியும்” என்றார். குச்சியை எடுத்துவிட்டு மேலும் சொன்னார்: “கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேந்துச்சான்னு எல்லாரும் கேப்பாங்க. சேந்ததுக்கு அப்புறம் அது எங்க போவுதுன்னு என்னை யாரும் கேட்டதில்ல.”

வண்டியைக் கிளப்பிய பிறகும் இந்தச் சொல் மனத்தைவிட்டு அகலவில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்களா என்று வானத்தையும் செய்தித்தாளையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒவ்வொரு சொட்டுக்கும் வழக்கு நடத்திய மண் இது. மழைக்காலத்தில் ஆறு நிரம்பி ஓடும்போது, தண்ணீர் கடலில் வீணாகக் கலக்கிறதே என்று நானே எத்தனையோ முறை மனம் நொந்து பேசியிருக்கிறேன். மூன்று நாள் பயணத்தில் முதலில் மாறியது அந்தப் பேச்சுதான்.

மன்னார்குடியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பா பால் பிடித்து நின்றது. கிழக்கே போகப் போக மண்ணின் முகம் மாறுகிறது. தென்னை அதிகமாகிறது, மண் கறுத்து இறுகுகிறது, வரப்போரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. திருத்துறைப்பூண்டியில் மதியச் சாப்பாட்டுக்கு நின்றபோது, எதிரே உட்கார்ந்த விவசாயி தலைஞாயிறு பக்கத்துக்காரர். சொந்தக்காரர்களுக்குக் கடலோரத்தில் நிலம் உண்டு. 2004-இல் தை அறுவடைக்கு இருந்த பயிரின்மேல் கடல் ஏறி இறங்கியதையும், வயலில் படிந்த கறுப்புச் சேற்றை வழித்து எடுத்ததையும் சொன்னார். இனி பத்து வருஷத்துக்கு இங்கே புல்லும் முளைக்காது என்று சிலர் கைவிரித்தார்களாம். ஜிப்சம் போட்டார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக வந்து, மண்ணுக்கு உயிர் திரும்பும் என்று நம்பிக்கை சொன்னார். 2005 ஐப்பசி கார்த்திகையில் கொட்டிய மழை உப்பைக் கழுவிக்கொண்டு போயிற்று. “கடல் கொண்டாந்த உப்ப மழத்தண்ணிதான் திரும்பக் கடலுக்கே கொண்டுபோச்சு சார். அந்தத் தண்ணி ஓடலைன்னா எங்களுக்கு நெலம் இல்ல” என்றார் அவர்.

இந்தப் பகுதியில் உப்பைத் தாங்கும் நெல்லுக்குப் பஞ்சமில்லை. குழியடிச்சான், களர்பாலை, உவர்முண்டான் என்று பெயரிலேயே மண்ணின் குணத்தைச் சொல்லும் ரகங்கள். கடற்கரை உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து காத்த விதைகள் இவை. திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டுப் பரப்பிய நெல் ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைந்தார். பேரிடர் என்றதும் படகையும் ஹெலிகாப்டரையும்தான் நினைக்கிறோம். விதைக்கோட்டையையும் நினைக்க வேண்டும்.

அன்றிரவு முத்துப்பேட்டையில் தங்கினேன். மறுநாள் விடிந்ததும் ஜாம்புவானோடை படகுத்துறை. தர்காவுக்கு வந்தவர்கள், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் காடு பார்க்க வந்தவர்கள் என்று கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. படகு கோரையாற்றில் இறங்கியது. முந்தின நாள் காலையில் எங்கள் ஊர்த் தலைப்பில் நுரைத்த அதே கோரையாறு. இங்கே அது அகன்று, பச்சை கலந்த பழுப்பாக, அவசரமில்லாமல் போகிறது. மெல்ல மெல்லக் கரையில் தென்னை குறைந்து, குட்டையான சாம்பல் பச்சை மரங்கள் நெருங்கி வந்தன. அலையாத்திக் காடு. அலையை ஆற்றுவது அலையாத்தி. நம் கடற்கரை மக்கள் இந்தக் காட்டுக்கு வைத்த பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது.

சதுப்பும் காயலும் திட்டுகளுமாக ஏறத்தாழ 12,000 ஹெக்டேர் பரப்பு. 2002-இல் கோடியக்கரையோடு சேர்ந்து, பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பகுதி. தமிழ்நாட்டில் முதன்முதலாக அந்தத் தகுதி பெற்ற இடமும் இதுதான். மரங்களில் பெரும்பங்கு வெண்கண்டல். இடையிடையே தில்லையும் நரிக்கண்டலும் உண்டு. படகோட்டி ஒரு கிளையை இழுத்து என் கைக்குக் கொடுத்து, இலையின் அடிப்பக்கத்தை நக்கிப் பார்க்கச் சொன்னார். சுரீரென்று உப்பு. வேர் உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. மரத்தைச் சுற்றிலும் சேற்றிலிருந்து பென்சில் நட்டாற்போல ஆயிரக்கணக்கில் மூச்சுவேர்கள் நின்றன. காற்றில்லாத சேற்றில் வேருக்குக் காற்று கொண்டுபோகிற குழாய்கள் அவை. ஆற்றில் வரும் வண்டல் இந்த வேர்களில் தட்டித் தங்குகிறது. தங்கிய வண்டலில் அடுத்த விதை ஊன்றிக்கொள்கிறது. காடு இப்படித்தான் தானே தன் நிலத்தை உண்டாக்கிக்கொள்கிறது.

“கஜாவுல இந்தக் காடு முழுக்க இலை கருகி எலும்புக்கூடா நின்னுச்சு சார்” என்றார் படகோட்டி. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் இந்தப் பகுதியின் தென்னைகளை லட்சக்கணக்கில் சாய்த்தது. அலையாத்தியும் அடி வாங்கியது. ஆனால் சாய்ந்த தென்னை எழவில்லை, கருகிய அலையாத்தியில் பல மறுபடி துளிர்த்தன. துளிர்க்காத இடங்கள் மொட்டைத் திட்டாகக் கிடப்பதையும் அவர் காட்டினார். “புயல் நேரத்துல எங்க போட்டையெல்லாம் இந்த வாய்க்காலுக்குள்ளதான் கொண்டாந்து கட்டுவோம். எங்க அப்பா காலத்துலேருந்து அப்படித்தான்.”

இந்தக் காட்டுக்கு ஒரு சோக வரலாறும் உண்டு. வெள்ளையர் காலத்தில் தொடங்கி விறகுக்காகப் பத்தை பத்தையாக மொட்டையடித்தார்கள். வெட்டிய இடத்தில் மண் காய்ந்து அமிழ்ந்து தொட்டி போலாயிற்று. உள்ளே புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றி வற்றி, உப்பளமாக இறுகியது. அங்கே எதுவும் முளைக்கவில்லை. பிறகு வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிராமத்தாரும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். நடுவில் பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் போல இருக்கும். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே போய், வற்றத்தில் வெளியே வந்தது. உப்பு குறைந்தது, நட்ட கன்று பிடித்தது. வயலுக்கு வாய்க்கால் வெட்டும் டெல்டாக்காரனுக்கு இதில் விளங்காதது எதுவுமில்லை. காட்டுக்கும் பாசனமும் வடிகாலும் வேண்டும், அவ்வளவுதான்.

படகு காயலுக்குள் நுழைந்ததும் படகோட்டி துடுப்பை எடுத்துத் தண்ணீரில் குத்திக் காட்டினார். முழங்கால் ஆழம்தான், கீழே சேறு. மார்கழியில் இந்தத் தண்ணீர் ஓரளவு நல்ல தண்ணீர். பங்குனி சித்திரையில் ஆறு வறண்டால் கடலையும் மிஞ்சிய உப்பு. “ஆத்துத் தண்ணி வந்தாத்தான் எறா, நண்டு எல்லாம். தண்ணி வரலைன்னா காடும் காயும், நாங்களும் காய்வோம்.”

அப்போதுதான் லஸ்கரின் கேள்விக்கு விடை கிடைத்தது. கடைமடைக்கும் கீழே இன்னொரு பாசனதாரர் இருக்கிறார். அவருக்கு முறை இல்லை, பட்டா இல்லை, குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுந்து பேச வாயில்லை. நம் ஊரை நோக்கி வரும் அலைக்கு முன்னால் முதலில் நிற்பவர் அவர்தான்.

முத்துப்பேட்டைப் பக்கம் 2004-இல் பெரிய உயிர்ச்சேதம் இல்லை. அதற்கு முதல் காரணம் பூகோளம். கிழக்கே இலங்கை குறுக்கே நிற்கிறது, கடலும் ஆழமில்லாத பாக் நீரிணை. காட்டின் பங்கை அளந்து பார்க்க வாய்த்த இடம் வடக்கே பிச்சாவரம் சூழ்ந்த கடலூர்க் கரை. மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின, மறைவில்லாத ஊர்கள் அழிந்தன என்று 2005-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கடலிலிருந்து இருந்த தூரமும் தரையின் உயரமும்தான் அந்த ஊர்களைக் காத்தன, மரத்துக்கு அதிகப் புகழ் வேண்டாம் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். விவாதம் நல்லதே. ஆனால் கரையில் வாழ்பவருக்கு இரண்டு தரப்பும் ஒரே புத்திதான் சொல்கின்றன: கடலிலிருந்து தள்ளி, மேட்டில், மரத்துக்குப் பின்னால் வீட்டைக் கட்டு.

மதியத்துக்கு மேல் வேதாரண்யம். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பெடுத்த அகஸ்தியம்பள்ளியைக் கடந்து, கோடியக்கரைக்குப் போனேன். சமதரையான இந்த முனையில் ராமர் பாதம் இருக்கும் மணல்மேடுதான் உயர்ந்த இடம். கடற்கரைக்கு இறங்கியபோது ஒரு சின்ன மணற்குன்றின் அருகே உட்கார்ந்து பார்த்தேன். முன்வரிசையில் அடப்பங்கொடி, இலை அகலமாக, ஊதாப் பூவோடு மணலைப் பின்னிக்கொண்டு படர்ந்திருக்கிறது. பின்வரிசையில் ராவணன் மீசை, ஊசி போன்ற புல். காற்று அடித்து வரும் மணல் அந்த ஊசிகளில் பட்டு, புல்லின் காலடியில் சொரிந்து நின்றுவிடுகிறது. கண்ணெதிரே பத்து நிமிஷத்தில் ஒரு கைப்பிடி மணல் சேர்ந்தது. வருஷம் முழுவதும் ஒவ்வொரு காற்றுக்கும் இப்படி ஒரு கைப்பிடி. கூலி கேட்காமல் எழும் மதில் இது. கடல் சீறும் நாளில் தன் மணலைக் கொடுத்துக் கரையைக் காப்பாற்றும். அமைதியான மாதங்களில் மறுபடியும் வாங்கிக்கொள்ளும். மணலுக்காகவும், கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவும் இந்த மேடுகளைச் சமப்படுத்திய இடங்கள் நம் கரையில் எத்தனை.

கரைக்கு மணலும் வண்டலும் கொண்டுவந்து போட வேண்டியவை நம் ஆறுகள். 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் வண்டலில் பெரும்பங்கு அணைக்குப் பின்னாலேயே படிகிறது. மிச்சமுள்ள மணலை ஆற்றிலேயே அள்ளிவிடுகிறோம். பிறகு கடல் அரிக்கிறது என்று கருங்கல் கொட்டுகிறோம். நம் கிழக்குக் கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. ஓரிடத்தில் கல் நீட்டினால் அதற்கு வடக்கே உள்ள ஊர் அரிபடும். புதுச்சேரி துறைமுகத்துக்கு வடக்கே அகன்று கிடந்த கடற்கரை எப்படிக் காணாமல் போனது என்பதைப் பார்த்தவர்கள் நாம்.

வேதாரண்யத்திலிருந்து வடக்கே கடலோரச் சாலையில் புஷ்பவனம், நாலுவேதபதி, வெள்ளப்பள்ளம் என்று ஊர்கள். நாலுவேதபதிக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. 2002 டிசம்பரில் இந்த ஊர்க்காரர்கள் 24 மணி நேரத்தில் 80,244 கன்றுகளை நட்டுக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார்கள். சாதனைக்காக நட்டவை அடுத்த இரண்டு ஆண்டுகளில் வளர்ந்து, சவுக்கும் மற்ற மரங்களுமாக ஊருக்கும் கடலுக்கும் இடையே நின்றன. சுனாமி வந்த அன்று அலை அந்த மரங்களுக்குள் புகுந்து வேகம் இழந்தது. சுற்றிலும் சாவு விழுந்த நாளில் இந்த ஊர் பெரும்பாலும் பிழைத்தது. “குழி வெட்டுனவங்கள்ல நானும் ஒருத்தி. கூலிக்கும் பேருக்கும்தான் வெட்டுனோம். எங்க உசுருக்கு வெட்டுறோம்னு அப்பத் தெரியல” என்றார் வீட்டு வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள்.

அந்தக் காட்டையும் கஜா விடவில்லை. மரங்கள் முறிந்தன, இந்தக் கரைகளில் கடல் சேற்றைக் கொண்டுவந்து கொட்டியது. மறுபடி நட்டிருக்கிறார்கள். ஒன்றைச் சொல்ல வேண்டும். சவுக்கு சீக்கிரம் வளரும், விலையும் போகும். அதனாலேயே கரை முழுக்கச் சவுக்காக நட்டுவிடும் பழக்கம் வந்தது. அலை தொடும் இடம்வரை சவுக்கு நட்டால் மணற்குன்று வளராது, தை மாசியில் முட்டையிட ஏறிவரும் பங்குனி ஆமைக்கும் இடமிருக்காது. முன்னால் அடப்பங்கொடியும் ராவணன் மீசையும், அதன் பின்னே தாழை, அதன் பின்னே புன்னையும் பனையும், கடைசியில் சவுக்கு என்று அடுக்கடுக்காக நிற்பதே இந்த மண்ணுக்கு ஏற்ற வேலி. ஒரே ரகத்தைப் போட்டால் ஒரே பூச்சியில் போகும் என்பது நெல் விளைவிப்பவனுக்குத் தெரிந்த பாடம்தான்.

இரவு வேளாங்கண்ணி. கிறிஸ்துமஸ் நாள். பேராலயத்தைச் சுற்றி விளக்குகள், மொட்டை போட்ட குழந்தைகள், திண்ணையிலும் மண்டபத்திலும் பாய் விரித்துப் படுத்த குடும்பங்கள். 2004-இலும் இப்படித்தான் இருந்திருக்கும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கடலில் கால் நனைக்கப் போனவர்களில் நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. சற்று மேட்டில் நிற்கும் பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை. கடற்கரைக் கடைவீதி அழிந்தது. காலையில் ஊருக்குத் தெற்கே செருதூர் அருகே வெள்ளையாற்றின் முகத்துவாரத்துக்கு நடந்தேன். எங்கள் வெண்ணாற்றுத் தண்ணீர் இங்கே கடலில் முடிகிறது. ஆற்று வாய் கடலுக்குத் திறந்து கிடக்கும் கதவு. 2004-இல் அலை இப்படிப்பட்ட வாய்கள் வழியாகவும் உள்ளே ஏறியது. பின்னாளில் வெள்ளையாறு, பாண்டவையாறு, அரிச்சந்திரா, அடப்பாறு போன்ற வெண்ணாற்றுக் குடும்பத்து ஆறுகளைச் சீரமைக்கும் பணி ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியோடு நடந்தது. பழுதான இயக்கு அணைகளைப் புதுப்பித்தார்கள். உப்புநீர் மேலே ஏறாமல் தடுப்பதும் மழைவெள்ளம் தடையின்றிக் கடலுக்குப் போக விடுவதும் அவற்றின் வேலை. இரண்டில் எது தவறினாலும் வயல் போகும்.

டிசம்பர் 26 காலை எட்டரை மணிக்கு நாகப்பட்டினத்தில் அக்கரைப்பேட்டைக் கரையில் நின்றேன். அன்று படகுகள் கடலுக்குப் போவதில்லை. துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. பெண்கள் பாலும் பூவும் எடுத்துக்கொண்டு அலைவரை போனார்கள். பேச்சில்லாத ஊர்வலம் ஒன்று கடந்தது. அக்கரைப்பேட்டையும் பக்கத்துக் கீச்சாங்குப்பமும் இழந்தது கொஞ்சமல்ல. தமிழ்நாட்டின் சாவு எண்ணிக்கையில் பெரும்பங்கு, 6,000-க்கும் மேற்பட்ட உயிர்கள், நாகை மாவட்டத்தில் மட்டும். பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய ஒரு பாட்டி என்னிடம் நின்று, “எந்த ஊரு தம்பி?” என்றார். நீடாமங்கலம் என்றேன். “அன்னிக்கு உங்க பக்கம்தான் ஓடியாந்தோம். மண்டபத்துல வச்சுச் சோறு போட்டாங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நெஞ்சை அறுப்பது ஒரு கணக்கு. 2004-இல் அன்று சுமத்ரா அருகே கடலடியில் 9.1 அளவு நிலநடுக்கம் நேர்ந்தது இந்திய நேரம் காலை 6.28-க்கு. நாகைக்கு அலை வந்தது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து. அந்த இரண்டு மணி நேரம் நம்மிடம் இருந்தது, சொல்ல ஆளில்லை. இன்று ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம், 2007 அக்டோபர் முதல், கடலடி நிலநடுக்கம் நேர்ந்த சில நிமிடங்களில் எச்சரிக்கை அனுப்புகிறது. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ரா அருகே மீண்டும் 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது செய்தி உடனே வந்தது, கரையோர மக்கள் மேட்டுக்குப் போனார்கள். நல்லவேளையாகப் பெரிய அலை எழவில்லை. கஜாவின்போது 80,000-க்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே முகாம்களுக்குப் போனார்கள். கடற்கரை ஊர்களில் தூண்கள்மேல் எழுந்து நிற்கும் பல்நோக்குப் பேரிடர் பாதுகாப்பு மையங்களை வழிநெடுகப் பார்த்தேன்.

ஆனால் கருவி மட்டும் போதாது. சுமத்ராவுக்கு அருகிலேயே சிமெலூ என்றொரு தீவு. 2004-இல் அங்கே ஏறத்தாழ 78,000 பேர் இருந்தார்கள். நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும் இறந்தவர்கள் 7 பேர். 1907-இல் அத்தீவை ஓர் ஆழிப்பேரலை அழித்தது. அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயர் வைத்து, பூமி அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்று தாலாட்டிலும் கதையிலும் சொல்லி வளர்த்தார்கள். நமக்கும் 1881-இல் நிக்கோபாரிலிருந்தும் 1883-இல் கிரகடோவா எரிமலையிலிருந்தும் அலைகள் வந்தன. நாகைத் துறைமுகத்து அலைமானியில் பதிவாகின. பதிவு காகிதத்தில் தூங்கியது. தாலாட்டில் ஏறவில்லை. கடல் உள்வாங்கியபோது கிளிஞ்சல் பொறுக்கப் போன பிள்ளைகளைத் தடுக்க நம்மிடம் ஒரு சொல் இல்லாமல் போயிற்று.

நெல்லுக்கும் இந்த அலைக்கும் ஜப்பானில் ஒரு தொடர்பு உண்டு. 1854-இல் ஹிரோ என்ற கடற்கரை ஊரில், பூமி அதிர்ந்த பின் அலை வருவதை உணர்ந்த ஹமாகுச்சி கொர்யோ, அறுத்துக் குவித்திருந்த நெற்போர்களுக்குத் தீ வைத்தார். இருட்டில் தடுமாறிய மக்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்து மேட்டுக்கு ஏறினார்கள். பிறகு தன் சொந்தப் பணத்தில், வேலையிழந்த ஊராருக்குக் கூலி கொடுத்து, ஏறத்தாழ 600 மீட்டர் நீளக் கரை எழுப்பி மரம் நட்டார். 1946-இல் வந்த அலையிலிருந்து அந்தக் கரை ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. அந்த நெற்போர் எரிந்த நாளை நினைத்தே நவம்பர் 5-ஐ உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாளாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. களத்துமேட்டில் போர் போடும் நமக்கு அந்த மனிதர் அந்நியர் அல்லர்.

நாகையில் கரையை விட்டுத் தள்ளிக் கட்டிய சுனாமிக் குடியிருப்புகளையும் பார்த்தேன். இன்று அவை பஸ் நிறுத்தப் பெயர்களாகிவிட்டன. வீடு உள்ளே, தொழில் கரையில். வலையும் இன்ஜினும் வைக்கத் தினமும் கரைக்கு வந்தே ஆக வேண்டும். கடலுக்கு அருகே வாழ்வது மீனவருக்குத் தேவை. அவர்கள் விட்டுக்கொடுத்த இடத்தில் குன்றும் மரமும் இருக்க வேண்டும். விடுதியும் மதிலும் எழுந்தால் அந்த விட்டுக்கொடுத்தலுக்குப் பொருளே இல்லை.

அன்று சாயங்காலம் ஊர் திரும்பினேன். ரயில்வே கேட் இறங்கியிருந்தது. நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில் மெல்ல நகர்ந்தது. கேட் திறந்ததும் வீட்டுக்குப் போகாமல் மூணாறு தலைப்புக்குப் போனேன். லஸ்கர் இல்லை. கோரையாற்று ஷட்டர் அதே உயரத்தில் இருந்தது, தண்ணீர் அதே நுரையோடு போய்க்கொண்டிருந்தது.

டெல்டாவில் இருக்கும் நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாசனக் கூட்டங்களில் முறை பேசும்போது, அலையாத்திக்கும் முகத்துவாரத்துக்கும் உரிய தண்ணீரைச் சேர்த்துக் கேளுங்கள். நம் ஆற்று மணலை அள்ள விடாதீர்கள். கடலோர ஊர்களில் குன்றும் மரமும் நிற்கும் இடத்தை யாருக்கும் எழுதிக் கொடுக்க விடாதீர்கள். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது, பூமி அதிர்ந்தாலோ கடல் உள்வாங்கினாலோ திரும்பிப் பார்க்காமல் மேட்டுக்கு ஓடு என்பதையும் சொல்லிவையுங்கள். நீடாமங்கலத்தைத் தாண்டிப் போகும் தண்ணீர் கடலில் வீணாகக் கலக்கவில்லை. போகிற வழியில் நமக்கு ஒரு கரை கட்டிவிட்டுத்தான் அது கடலைச் சேர்கிறது.